மோரிஸ் மைனர் பின் ஸ்பிரிங்: வீட்டிலேயே மாற்ற முடியுமா? காடி வலப்பக்கம் சாய்கிறது

கிராணி மகன்

வணக்கம். சுங்கை சிப்புட்டில் இருந்து எழுதுகிறேன். என்னிடம் 1964 மோரிஸ் மைனர் கார் இருக்கிறது. நான்கு கதவு, 1098 சிசி. அப்பா லிந்தாங் பக்கம் ஒரு தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்தபோது வாங்கிய காடி. அம்மாவைப் பிரசவத்துக்கு ஈப்போவுக்கு ஏற்றிப் போனதும் இதில்தான். அப்பா போய் நான்கு வருடமாகிறது. அதற்கு முன்பே காடி கொட்டகையில் நின்றுவிட்டது. போன வருடம் எஞ்சினையும் பிரேக்கையும் சரி செய்து ஓட்ட ஆரம்பித்தேன்.

இப்போது பிரச்சினை பின்பக்கம். பின்னால் நின்று பார்த்தால் வலப்பக்கம் தாழ்ந்திருப்பது நன்றாகத் தெரிகிறது. பின் சீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்து தோட்டத்துச் சடக்கில் போனால் குழிக்குக் குழி அடியில் இடிக்கிறது. பட்டை ஸ்பிரிங், அதாவது இரும்புப் பட்டைகளை அடுக்கிச் செய்த ஸ்பிரிங், தளர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன். இங்கே ஒரு பட்டறையில் கேட்டேன், பழைய காடிக்கு நேரம் ஒதுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

வீட்டு முன்னால் சிமெண்டுத் தரை. 2 டன் ஜேக் ஒன்று, ஸ்டாண்டு இரண்டு, மில்லிமீட்டர் சாக்கெட் செட் ஒன்று இருக்கின்றன. இங்கிலாந்தில் இந்தக் காடிக்கு இன்றும் புது ஸ்பிரிங் செய்கிறார்கள், வரவழைக்கலாம். நானே மாற்ற முடியுமா? செய்தவர்கள் சொல்லுங்கள்.

டாட்சன் தம்பி

தாராளமாகச் செய்யலாம் அண்ணே. என் டாட்சன் 120ஒய் காடிக்கும் பின்னால் பட்டை ஸ்பிரிங்தான். நானும் மச்சானும் ஒரே நாளில் இரண்டு பக்கமும் மாற்றினோம். ஒன்று மட்டும் மறக்காதீர்கள். வேலைக்கு மூன்று நாள் முன்பிருந்தே எல்லா நட்டிலும் துரு இளக்கும் எண்ணெயைக் காலையும் மாலையும் அடித்துவிடுங்கள். நாங்கள் அன்று காலையில்தான் அடித்தோம். பாதி நாள் ஒரே ஒரு போல்ட்டுக்குப் போய்விட்டது.

பழைய போர்மேன்

கிராணி மகன் தம்பி, ஸ்பிரிங்குக்கு இன்னும் பணம் கட்டவில்லை என்றால் கொஞ்சம் பொறுங்கள்.

நான் 1970களில் ஈப்போவில் வேலை பழகியவன். மைனர் நிறைய பார்த்திருக்கிறேன். பின்பக்கம் சாய்ந்தால் எல்லோரும் ஸ்பிரிங்கைத்தான் முதலில் குற்றம் சொல்வார்கள். சாய்வுக்குக் காரணம் நான்கு இடத்தில் இருக்கலாம். டயர் காற்று, முன் டார்ஷன் பார், பின் ஸ்பிரிங், கடைசியாக அந்த ஸ்பிரிங் தொங்கும் இடம். மைனருக்கு முன்னால் சுருள் ஸ்பிரிங்கும் இல்லை, பட்டையும் இல்லை. நீளவாக்கில் கிடக்கும் முறுக்குக் கம்பிதான் எடையைத் தாங்குகிறது. அதில் ஒன்று தளர்ந்தால் அந்த மூலை தாழும், காடி முழுவதும் அந்தப் பக்கம் சாயும். பின்னால் இருந்து பார்க்கிறவருக்குப் பின் ஸ்பிரிங் போனது போலவே தெரியும்.

இப்படிச் சோதியுங்கள். நான்கு டயரிலும் காற்றைச் சரி பாருங்கள். சமமான தரையில் நிறுத்தி, சக்கர நடுவில் இருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு மூலையிலும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அதன் பிறகு முன்பக்கத்தைச் சரியாக நடுவில், ஒரே இடத்தில், கட்டை வைத்து ஜேக்கால் முன் சக்கரம் தரையை விட்டு எழும் வரை தூக்குங்கள். முன்பக்கம் ஒரே புள்ளியில் நிற்பதால் அதன் சாய்வு பின்பக்கத்தைப் பாதிக்காது. அப்போதும் பின்னால் வலப்பக்கம் தாழ்ந்திருந்தால் கோளாறு பின்னால்தான். நிமிர்ந்துவிட்டால் முன் டார்ஷன் பாரைப் பாருங்கள்.

அளக்கும்போது யாரும் காடிக்கு அடியில் போகக் கூடாது. ஜேக் என்பது தூக்குவதற்கு மட்டும்.

கிராணி மகன்

ஐயா, நீங்கள் சொன்னபடியே செய்தேன். முன்னால் இரண்டு பக்கத்துக்கும் 4 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். பின்னால் 34 மில்லிமீட்டர், வலப்பக்கம் தாழ்வு. முன்பக்கத்தை நடுவில் தூக்கிப் பார்த்தேன், பின்னால் சாய்வு அப்படியே இருந்தது. ஆகவே கோளாறு பின்னால்தான். ஸ்பிரிங்குக்குச் சொல்லிவிடலாமா?

எட்டாங்கட்டை

நான் லோரி ஸ்பிரிங் வேலை செய்கிறவன். இதைப் படித்துவிட்டுப் பேசாமல் போக மனமில்லை.

அறுபது வருடப் பழைய ஸ்பிரிங்கைத் தூக்கி எறியாதீர்கள். அந்தக் காலத்து இரும்பு நல்ல இரும்பு. கழற்றிக் கொண்டுவந்தால் பட்டைகளைப் பிரித்து, சுட்டு, வளைவு ஏற்றி, எண்ணெயில் தோய்த்து, மறுபடி அளவான சூட்டில் பதம் போட்டுக் கொடுப்பேன். சிலர் சம்மட்டியால் தட்டியே வளைவு ஏற்றித் தருவார்கள். அந்த வளைவு ஆறு மாதம்கூட நிற்காது. முறையாகச் சுட்டுப் பதம் போட்டது வருடக்கணக்கில் நிற்கும். செலவும் குறைவு. கப்பலில் வரும் வரை காத்திருக்கவும் வேண்டாம்.

பழைய போர்மேன்

எட்டாங்கட்டை அண்ணன் சொல்லும் வேலையில் எனக்கு மரியாதை உண்டு. சுட்டுப் பதம் போடத் தெரிந்தவர்கள் இன்று எத்தனை பேர் இருக்கிறார்கள்? ஆனாலும் ஒரு விஷயத்தில் நான் ஒத்துப்போக மாட்டேன். நடு போல்ட் போகும் ஓட்டையைச் சுற்றித்தான் பட்டையில் மயிரிழை விரிசல் விழும். சூடு ஏற்றினாலும் அது மூடாது. வளைவு நன்றாக ஏறும், ஒரு நாள் அந்த இடத்திலேயே இரண்டாகப் போகும். லோரியில் பட்டை அதிகம், ஒன்று உடைந்தாலும் மற்றவை தாங்கும். மைனரில் மெயின் பட்டை போனால் எக்சலே, அதாவது பின் அச்சே, ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும்.

எட்டாங்கட்டை

அது உண்மைதான் அண்ணே. அதனால்தான் பிரித்ததும் முதலில் கம்பி பிரஷ் போட்டு ஓட்டையைச் சுற்றிப் பார்ப்பேன். விரிசல் இருந்தால் எடுக்க மாட்டேன், திருப்பிக் கொடுத்துவிடுவேன். பட்டை நுனி உரசி உரசி அடுத்த பட்டையில் பள்ளம் விழுந்திருந்தாலும் அப்படித்தான்.

தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீங்களாகப் பட்டையைப் பிரிக்கப் போகாதீர்கள். நடு போல்ட்டின் நட்டைக் கழற்றுகிற நொடியில் அடங்கியிருந்த வளைவெல்லாம் ஒரே அடியாக விரியும். பெரிய வைஸில் பிடித்துத்தான் அதைத் திறக்க வேண்டும். என் விரல் ஒன்றில் அதன் அடையாளம் இன்னும் இருக்கிறது.

புந்தோங் மலர்

எல்லோரும் ஸ்பிரிங்கையே பேசுகிறீர்கள். போர்மேன் ஐயா முதலில் சொன்ன நான்காவது இடத்தை யாராவது பார்த்தீர்களா?

என்னிடம் இரண்டு கதவு மைனர், 1961. நானும் இதே போலச் சாய்வைப் பார்த்துப் புது ஸ்பிரிங் போட்டேன். மூன்று மாதத்தில் மறுபடி சாய்ந்தது. ஸ்பிரிங்கின் முன் கண் (நுனியில் உள்ள வளையம்) மாட்டும் பெட்டி, அதாவது ஹேங்கர், உள்ளுக்குள் துருப்பிடித்துச் செத்திருந்தது. ஸ்பிரிங் நிமிர நிமிர அது சேசிஸுக்குள் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. மைனரில் இது பேர்போன இடம். பின் சக்கரம் வாரி அடிக்கும் சேறெல்லாம் அங்கேதான் போய்ச் சேரும், வெளியே வர வழியில்லை. மேலே தார் பூச்சு பளபளவென்று இருக்கும், உள்ளே இரும்பு இருக்காது.

கிராணி மகன், காடி நின்ற கொட்டகையில் உரம் வைத்திருந்தார்களா? கேட்கக் காரணம் இருக்கிறது. பொட்டாஷ் உரம் உப்பு வகை. ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், இரும்பைத் தின்னும். எங்கள் சித்தப்பா தோட்டத்தில் உர மூட்டை ஏற்றிய வேன் எல்லாம் அடிப்பாகம் போய்த்தான் முடிந்தன.

ஒரு பழைய ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு அடியில் போங்கள், ஸ்டாண்டு போட்ட பிறகு. ஹேங்கரைச் சுற்றி ஒவ்வொரு விரற்கடை தூரத்திலும் பலமாகக் குத்திப் பாருங்கள். "டங்" என்று கேட்டால் நல்லது.

கிராணி மகன்

மலர் அக்கா, கொட்டகையின் வலப்பக்கச் சுவரோரம் உர மூட்டை அடுக்கியிருந்தார்கள். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த வெள்ளையும் சிவப்புமான பொடி சிந்திக் கிடக்கும், வெறுங்காலோடு மிதித்தால் எரியும். காடியின் வலப்பக்கம் எப்போதும் அந்தச் சுவரை ஒட்டித்தான் நின்றது.

இன்று காலை பசியாறிவிட்டு அடியில் போனேன். இடப்பக்க ஹேங்கரில் குத்தினேன், டங், டங், டங். நல்ல சத்தம். வலப்பக்கத்தில் முதல் இரண்டு குத்துக்கும் அதே சத்தம்தான். மூன்றாவது குத்தில் சத்தமே வரவில்லை. ஸ்குரூ டிரைவர் பிடி வரை உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்ததும் ஓட்டை வழியாகச் செம்மண்ணும் துருவும் தேயிலைத் தூள் போல முகத்தில் கொட்டியது. அதோடு காய்ந்த ரப்பர் இலை ஒன்று, நரம்பு மட்டும் மிஞ்சிய இலை, காற்றில் ஆடியபடி விழுந்தது. அந்தத் தோட்டத்தில் பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டு முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. இத்தனை வருடமும் அந்த இலை அங்கேயே இருந்திருக்கிறது. கொஞ்ச நேரம் அப்படியே படுத்துக் கிடந்தேன்.

ஸ்பிரிங்கையும் துடைத்துப் பார்த்தேன். பட்டைகளுக்கு நடுவே துரு பொங்கி, ஒன்றை விட்டு ஒன்று விலகி நிற்கிறது. ஆகவே ஸ்பிரிங்கும் மாற வேண்டும், அதற்கு முன் ஹேங்கரும் மாற வேண்டும். அக்கா மட்டும் கேட்காமல் இருந்திருந்தால் நான் புது ஸ்பிரிங்கை அந்த ஓட்டையில் மாட்டியிருப்பேன்.

புந்தோங் மலர்

ஹேங்கர் தனியாகவே புதிதாகக் கிடைக்கும். ஸ்பிரிங்கோடு சேர்த்துச் சொல்லிவிடுங்கள். வெல்டிங்கை நன்றாகத் தெரிந்தவரிடம் கொடுங்கள், அது உங்களையும் சீட்டில் உட்காருபவரையும் தாங்கப் போகிற இடம். பெட்ரோல் டாங்கியைக் கழற்றி வெளியே வைக்காமல் யாரையும் நெருப்புப் பற்ற விடாதீர்கள். டாங்கி பூட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. அடியில் போகும் பெட்ரோல் குழாயையும் மறக்க வேண்டாம். பேட்டரி வயரையும் எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, பழைய ஹேங்கரை வெட்டுவதற்கு முன்னால் முன் போல்ட் ஓட்டை எங்கே இருக்கிறது என்று இடப்பக்கத்தை வைத்து அளந்து குறியுங்கள். அது அரை அங்குலம் தள்ளிப் போனாலும் எக்சல் கோணலாகும், காடி நண்டு போல ஒருச்சாய்த்து ஓடும்.

எட்டாங்கட்டை

துரு பொங்கிப் பட்டை விலகியிருந்தால் நானும் புதுசு போடத்தான் சொல்வேன். இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள், ஒன்று மட்டும் வேண்டாம். சலூனுக்கும் (உங்களுடையது போன்ற சாதாரண மைனர்) டிராவலருக்கும் (வேன் போலப் பின்பக்கம் நீண்ட மைனர்) ஸ்பிரிங் வேறு. வந்ததும் பட்டை எண்ணிக்கையையும் தடிமனையும் பழையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஸ்பிரிங்கை எக்சலோடு சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட்டும் நட்டும் புதுசு வாங்குங்கள். ஒரு முறை இறுக்கி நீண்ட யூ போல்ட்டை மறுபடி நம்பக் கூடாது.

பழைய போர்மேன்

உங்கள் மில்லிமீட்டர் சாக்கெட் செட்டைப் பற்றி நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். இந்தக் காடி முழுக்க அங்குல அளவு. 9/16 நட்டு என்றால் 14.3 மில்லிமீட்டர் வரும். 14 ஏறாது. 15 ஏறும், ஆனால் துருப்பிடித்த நட்டின் மூலையை உருட்டிவிடும். அதன் பிறகு உளியும் சுத்தியலும்தான். அங்குல சாக்கெட்டும் ரிங் ஸ்பேனரும் பழைய சாமான் கடையில் கிடைத்தால்கூட வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஹேண்ட் பிரேக்கை நம்பாதீர்கள். அது பின் சக்கரத்தைத்தான் பிடிக்கிறது, கியரும் பின் சக்கரத்துக்குத்தான். அந்தப் பின் சக்கரம் இரண்டையும் நீங்கள் அந்தரத்தில் தூக்கப் போகிறீர்கள். முன் சக்கரத்துக்கு முன்னாலும் பின்னாலும் கட்டை போடுங்கள். ஸ்டாண்டை நல்ல இரும்பு உள்ள இடத்தில் வையுங்கள், ஹேங்கர் பக்கத்தில் வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் கழற்றுங்கள், மற்ற பக்கம் எக்சலைப் பிடித்து வைத்திருக்கும். எக்சல் தொங்கும் எடை பிரேக் ஹோஸில் விழாமல் ஜேக்கால் தாங்கிக்கொள்ளுங்கள்.

---

கிராணி மகன்

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். ஹேங்கரை கோலகங்சார் பக்கம் ஒருவர் வெல்டிங் செய்து கொடுத்தார். டாங்கி கழற்றி வைத்துத்தான் செய்தோம். போன சனிக்கிழமை ஸ்பிரிங் மாற்றினேன். என் தங்கை மகன் துணைக்கு வந்தான்.

காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தோம். அப்சோர்பர் இணைப்பை அடித் தகட்டில் இருந்து கழற்றினோம். மைனரில் ஸ்பிரிங் எக்சலுக்குக் கீழே கிடக்கிறது, யூ போல்ட் எக்சலுக்கு மேலே சுற்றி இறங்குகிறது. ஆகவே நட்டெல்லாம் அடியில். மூன்று நாள் எண்ணெய் அடித்தது வீண் போகவில்லை. இடப்பக்கம் நான்கு நட்டும் கழன்று வந்தன. வலப்பக்கம் இரண்டை அறுத்தோம். ஸ்பிரிங்கின் பின் நுனியைத் தொங்கவிடும் ஷேக்கல் சுலபம். முன் போல்ட் புது ஹேங்கரில் இருந்ததால் கையாலேயே வந்தது.

புது ஸ்பிரிங்கை ஏற்றும்போது ஒரு மணி நேரம் போராடினோம். நடு போல்ட்டின் தலை எக்சலில் உள்ள குழியில் உட்கார வேண்டும். உட்கார்ந்தது போலத் தெரிந்தது. யூ போல்ட்டை இறுக்கப் போனேன். தங்கை மகன், "மாமா, இங்கே நகம் போகிற இடைவெளி இருக்கிறது" என்றான். படுத்து விளக்கடித்துப் பார்த்தால், தலை குழியின் விளிம்பில் ஏறி நின்றது. அப்படியே இறுக்கியிருந்தால் எக்சல் பின்தங்கிப் போயிருக்கும். ஜேக்கைக் கொஞ்சம் இறக்கி, சக்கர டிரம்மைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தேன். "கிளக்" என்று உள்ளே விழுந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இரண்டு பக்கமும் முடித்து, எல்லா போல்ட்டையும் நன்றாக இறுக்கி, மாலை மழை வருவதற்குள் இறக்கிவிட்டோம். முன் சக்கர நடுவில் இருந்து பின் சக்கர நடு வரை இரண்டு பக்கமும் அளந்தேன், 2.18 மீட்டர், வித்தியாசமில்லை. ஆனால் காடி பின்னால் ரொம்ப உயரமாக நிற்கிறது. இது சரிதானா?

பழைய போர்மேன்

தம்பி, நல்ல வேலை. புது ஸ்பிரிங் சில நூறு கிலோமீட்டர் ஓடினால் கொஞ்சம் அடங்கும். ஆனால் ஒரு கேள்வி. முன் போல்ட்டையும் ஷேக்கல் நட்டையும் எப்போது இறுக்கினீர்கள்? காடி ஸ்டாண்டில் இருக்கும்போதா, சக்கரம் தரையில் நின்ற பிறகா?

கிராணி மகன்

ஸ்டாண்டில் இருக்கும்போதே ஐயா.

பழைய போர்மேன்

அப்படியென்றால் நாளைக் காலையிலேயே மறுபடி தளர்த்துங்கள். அந்தக் கண்ணுக்குள் இருப்பது ரப்பர் புஷ். நடுவில் இருக்கும் போல்ட் சுற்றாது, ரப்பர் முறுக்கிக்கொண்டுதான் ஸ்பிரிங் அசைகிறது. ஸ்பிரிங் தொங்கிய நிலையில் இறுக்கினால் ரப்பருக்கு அதுதான் இயல்பு நிலை. காடியை இறக்கியதும் அதன் எடையில் ரப்பர் முறுக்கிக்கொள்ளும், நிற்கும்போதுகூட முறுக்கிலேயே நிற்கும். சீக்கிரம் கிழியும். முறுக்கு திருப்பித் தள்ளுவதால் காடியும் உயர்ந்து நிற்கும். உங்கள் உயரத்தில் ஒரு பங்கு அதுதான்.

நான்கு சக்கரமும் தரையில் இருக்கட்டும். முன் போல்ட்டையும் ஷேக்கல் நட்டையும் அரைச் சுற்று தளர்த்துங்கள். பின்பக்கத்தைக் கையால் நாலைந்து முறை அமுக்கி விடுங்கள். பின் சீட்டில் ஒருவரை உட்கார வைத்து, அந்த எடையிலேயே இறுக்குங்கள். ரப்பருக்கு எண்ணெயோ கிரீஸோ தொட்டிருந்தால் துடைத்துவிடுங்கள், சோப்புத் தண்ணீர் போதும்.

டாட்சன் தம்பி

ஐயா, இதைப் படித்ததும் மனம் கனத்துவிட்டது. என் காடியில் புது புஷ் எட்டு மாதத்தில் கிழிந்தது. கடைக்காரர் மட்டமான சாமான் கொடுத்துவிட்டார் என்று இத்தனை நாள் அவரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். நான் அந்தரத்தில் இறுக்கியதுதான் காரணம். அடுத்த வாரம் புதுசு வாங்கிச் சரியாகப் போடுகிறேன், அவரிடமும் போய்ப் பேசுகிறேன்.

கிராணி மகன்

செய்துவிட்டேன் ஐயா. போல்ட்டைத் தளர்த்தியதும் "கிர்ர்" என்று ஒரு முனகல், காடி பின்னால் கண் முன்னே இறங்கியது. அளந்தேன், 11 மில்லிமீட்டர். அம்மாவைப் பின் சீட்டில் உட்கார வைத்துத்தான் இறுக்கினேன். அவர் எப்போதும் உட்காரும் இடம் அதுதான்.

இரண்டு வாரத்தில் 260 கிலோமீட்டர் ஓடியாயிற்று. ஈப்போ வரை இரண்டு தடவை, லிந்தாங் சடக்கில் நாலு தடவை. நேற்று யூ போல்ட் நட்டுகளை மறுபடி பார்த்தேன். வலப்பக்கம் இரண்டு நட்டு மட்டும் கால் சுற்று ஏறின, இடப்பக்கம் அசையவில்லை. இரண்டு பக்க வித்தியாசம் இப்போது 3 மில்லிமீட்டர். குழியில் இடிப்பதும் நின்றுவிட்டது.

எட்டாங்கட்டை அண்ணே, பழைய இடப்பக்க ஸ்பிரிங் நன்றாகத்தான் இருப்பது போலத் தெரிகிறது. நீங்கள் ஒரு முறை பார்த்துச் சொல்லுங்கள். தேறினால் யாருக்காவது உதவும், பணம் வேண்டாம்.

எட்டாங்கட்டை

கொண்டுவாருங்கள். பிரித்து ஓட்டையைப் பார்க்கிறேன். டிராவலர் வைத்திருக்கும் ஒருவர் மைனர் சலூன் ஒன்றும் வாங்கியிருக்கிறார், அவருக்குத் தேவைப்படலாம்.

டாட்சன் தம்பி

அண்ணே, என் பக்கத்து வீட்டுக்காரரும் மைனர்தான் வைத்திருக்கிறார். ஹேங்கரைக் குத்திப் பார்க்கச் சொன்னேன், அவருக்கும் உள்ளே போய்விட்டது. உங்கள் அங்குல ஸ்பேனர் செட்டை ஒரு வாரம் கொடுப்பீர்களா?

கிராணி மகன்

கொடுக்கிறேன் தம்பி. ஞாயிறு காலை அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அம்மா தோசை சுடுவார், பசியாறிவிட்டு அவருடைய காடிக்கு அடியில் சேர்ந்தே பார்க்கலாம். மலர் அக்கா சொன்ன அந்த ஸ்குரூ டிரைவரையும் எடுத்து வைக்கிறேன்.